‘க்னியாஸ்’ முதல் ‘ஜார்’ வரை: ருஷ்ய ஆட்சியாளர்கள் தம்மை எப்படி அழைத்துக்கொண்டார்கள்?

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். முதல் ஜார் மூன்றாம் இவான் என்று ஒரு நூலும், நான்காம் இவான் என்று இன்னொரு நூலும் சொல்வது ஏன்? கீவில் இருந்து அவ்வளவு பெரிய நாட்டை ஆண்ட விளாதிமிரும் யாரஸ்லாவும் அரசர் என்று சொல்லப்படாமல் ‘பெரும் இளவரசர்’ என்றே குறிக்கப்படுவது ஏன்? அதே பட்டம் 1917-இல் இரண்டாம் நிக்கொலாயின் தம்பி மிகயீலுக்கும் எப்படி வந்தது? இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. இன்று மன்னர் வரிசை அட்டவணையில் ஒருவரின் பெயருக்கு முன்னால் நாம் படிக்கும் பட்டத்தை அவர் தம் வாழ்நாளில் உண்மையாகவே தரித்திருந்தாரா, தரித்திருந்தால் அதை யார் ஏற்றுக்கொண்டார்கள் என்பதே அது. கீழைச் சிலாவியரின் இடைக்கால வரலாற்றைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்ல முயல்கிறேன். மூல ஆவணங்களை அச்சுப் பதிப்புகளிலும் ஒளிப்படங்களிலும் மட்டுமே படித்திருக்கிறேன். தேவாலயச் சுவர்க் கீறல்களைப் படித்து முடிவு சொல்லும் எழுத்தியல் பயிற்சி எனக்கு இல்லை என்பதால், அந்த இடங்களில் அத்துறை அறிஞர்களின் வாசிப்பையே நம்பியிருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். மூலத்தில் உள்ள சொல் ‘க்னியாஸ்’. தமிழில் ‘இளவரசர்’ என்றால் பட்டத்துக்குக் காத்திருக்கும் அரசகுமாரன் நினைவுக்கு வருகிறான்; க்னியாஸ் அப்படிப்பட்டவர் அல்லர். அவர் ஆளுகிறவர், வரி வாங்குகிறவர், படை நடத்துகிறவர், நீதி வழங்குகிறவர். மேற்கு ஐரோப்பாவின் லத்தீன் ஆசிரியர்கள் கீவ் ஆட்சியாளர்களைப் பல இடங்களில் ‘அரசர்’ என்றே எழுதினார்கள். ஆகவே அவர்கள் பட்டத்தால் குறைந்தவர்கள் என்ற எண்ணம் பெரும்பாலும் பிற்கால மொழிபெயர்ப்புகள் உண்டாக்கியது. கீழே ‘க்னியாஸ்’, ‘பெரும் க்னியாஸ்’ என்ற வடிவங்களையே பயன்படுத்துகிறேன். ‘ஜார்’ தமிழில் நெடுங்காலமாகப் பழகிய சொல் என்பதால் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

விளாதிமிர் ‘பெரும் க்னியாஸ்’ என்ற பட்டத்தைத் தரித்திருந்தாரா? பாடநூல்கள் ஐயமே இல்லாமல் ஆம் என்கின்றன. அவருடைய காலத்திலேயே உண்டான பொருள்களோ வேறு விதமாகப் பேசுகின்றன. 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறித்தவத்தை ஏற்ற பிறகு அவர் பொன்னிலும் வெள்ளியிலும் நாணயம் அடித்தார். வெள்ளிக் காசில் உள்ள வாசகம் ‘விளாதிமிர் அரியணையில், இது அவருடைய வெள்ளி’ என்ற அளவில் முடிந்துவிடுகிறது. அதில் பட்டமே இல்லை. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, ஏறத்தாழ 1130-இல், கீவை ஆண்ட மிஸ்திஸ்லாவ் (இவர் விளாதிமிர் மொனமாக் என்ற பிற்கால விளாதிமிரின் மகன்) வடக்கே உள்ள நோவ்கரத் நகரின் யூரியெவ் மடத்துக்கு ஒரு கொடைச் சாசனம் அளித்தார். மூல ஏடாகவே இன்றுவரை எஞ்சியிருக்கும் மிகப் பழைய ருஸ் (கீவைத் தலைமையாகக் கொண்ட கீழைச் சிலாவியரின் நாடு) சாசனங்களில் அது ஒன்று. அதன் தொடக்கம், ‘விளாதிமிரின் மகன் மிஸ்திஸ்லாவ் ஆகிய நான், ருஸ் நாட்டைக் கையில் கொண்டிருக்கும் நிலையில்’ என்பது. நிலம் கொடுக்கும் ஆவணத்தில்கூடத் தந்தையின் பெயரும் ஆட்சி செய்யும் உண்மையும் போதுமானவையாக இருந்தன. ஒரே குலத்தைச் சேர்ந்த எல்லா ஆண்களும் பிறப்பாலேயே க்னியாஸ்களாக இருந்த அமைப்பில், யார் மூத்தவர், யார் கீவில் அமர்ந்திருக்கிறார் என்பதுதான் முக்கியம். தனிப் பட்டத்துக்கு அங்கே அவசர வேலை இல்லை.

இதற்கு எதிராகக் காட்டப்படும் வலுவான சான்று 911, 944, 971 ஆகிய ஆண்டுகளில் பைசாந்தியத்துடன், அதாவது கான்ஸ்டாண்டிநோப்பிளிலிருந்து ஆண்ட கிழக்கு ரோமானியப் பேரரசுடன், செய்த உடன்படிக்கைகள். அவற்றில் கீவின் பழைய ஆட்சியாளர் ஒலேகும் பிறரும் ‘ருஸின் பெரும் க்னியாஸ்’ என்றே வருகிறார்கள். ஆனால் அந்த உடன்படிக்கைகளின் கிரேக்க மூலங்கள் நம்மிடம் இல்லை. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீவில் தொகுக்கப்பட்ட நாளாகமத்துக்குள் (ஆண்டுவாரியான வரலாற்று ஏடு) சேர்க்கப்பட்ட சிலாவிய வடிவங்களே உள்ளன. அந்த நாளாகமத்தின் மிகப் பழைய முழுப் படியோ 1377-இல் எழுதப்பட்டது. ‘பெரும்’ என்ற அடைமொழி மூலத்திலேயே இருந்ததா, மொழிபெயர்த்தவர் சேர்த்ததா, பின்னாளில் படியெடுத்தவர் தம் காலத்து வழக்கப்படி எழுதியதா என்பது தீராத வழக்கு. போலந்து வரலாற்றாளர் ஆந்திஜேய் போப்பே, இது 12-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வடகிழக்கே விளாதிமிர் நகரை ஆண்ட விசேவொலத் காலத்தில்தான் முறையான பட்டமாயிற்று என்று வாதிட்டார். டொராண்டோவில் பணியாற்றிய மார்ட்டின் திம்னிக் அதை மறுத்து, கீவ் காலத்திலேயே மூத்த க்னியாஸைக் குறிக்க அந்த வழக்கு இருந்தது என்றார். என் மனம் போப்பேயின் பக்கமே சாய்கிறது. நாணயமும் சாசனமும் மௌனமாக இருக்கும்போது, பின்னால் படியெடுக்கப்பட்ட ஏட்டை மட்டும் நம்புவதற்குத் தயங்குகிறேன். இருப்பினும் இது சாய்வே தவிர, முடிந்த முடிவு அன்று. 1176 முதல் 1212 வரை ஆண்ட விசேவொலதுக்கு வடகிழக்கு நாளாகமங்கள் அப்பட்டத்தைத் தொடர்ச்சியாக வழங்குகின்றன என்பது மட்டும் உறுதி.

இடையில் வேறு இரண்டு பெயர்களும் தலைகாட்டுகின்றன. 839-இல் பிராங்கியப் பேரரசர் லூயியின் அவைக்கு வந்த ‘ரோஸ்’ மக்கள் தங்கள் அரசரை ‘ககான்’ என்று குறிப்பிட்டதாக ஒரு லத்தீன் ஆண்டுக்குறிப்பு பதிந்திருக்கிறது. ககான் என்பது புல்வெளித் துருக்கியரும் கசார்களும் தங்கள் தலைமை ஆட்சியாளருக்கு வழங்கிய பட்டம். இரு நூற்றாண்டுகள் கழித்து, பின்னர் கீவின் தலைமைப் பேராயரான இலரியோன் தமது பேருரையில் காலஞ்சென்ற விளாதிமிரைப் ‘பெரும் ககான்’ என்று போற்றுகிறார். கீவின் புனித சோபியா பேராலயச் சுவரில் ‘ஆண்டவரே, எங்கள் ககானைக் காத்தருளும்’ என்ற கீறலும் இருக்கிறது. அதே பேராலயத்தில் 1054-இல் யாரஸ்லாவ் இறந்ததைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் கீறலில் ‘எங்கள் ஜார்’ என்ற சொல் வருகிறது. இதைக் காட்டி யாரஸ்லாவே முதல் ஜார் என்று சிலர் எழுதுவது மிகை. பேராலயத்தைச் சேர்ந்த ஒருவர் துக்கத்தில் இட்ட புகழ்ச்சொல் வேறு. முத்திரையில் பொறித்து அண்டை நாட்டுக்கு அனுப்பும் பட்டம் வேறு. பைசாந்திய அவை கீவ் ஆட்சியாளருக்கு எழுதிய கடிதங்களில் ‘ருஸின் அர்க்கோன்’ என்றுதான் விளித்தது. ஆளுநர் முதல் சிற்றரசர் வரை யாருக்கும் பொருந்தும் சொல் அது. விளாதிமிர் மொனமாக் தம்முடைய கிரேக்க முத்திரையிலும் அந்தச் சொல்லையே ‘மிக உயர்குடிப் பிறந்த’ என்ற அடையோடு ஏற்றுக்கொண்டார். அவருடைய தாய் பைசாந்தியப் பேரரசர் மொனமாகோஸின் உறவினர் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த உறவு நான்கு நூற்றாண்டுகள் கழித்துப் பெரிய கதையாக வளரப்போகிறது.

1237 முதல் 1240 வரை நடந்த மங்கோலியப் படையெடுப்புக்குப் பிறகு பட்டத்தின் இயல்பே மாறிவிட்டது. 1243-இல் விசேவொலதின் மகன் யாரஸ்லாவ் மங்கோலிய ஆட்சியாளர் பாத்து கானிடம் சென்றபோது, ருஸ் மக்களிடையே உள்ள எல்லா க்னியாஸ்களுக்கும் மூத்தவராக இரு என்று பாத்து அவருக்கு ஆணை தந்ததாக நாளாகமம் சொல்கிறது. அதுமுதல் விளாதிமிர் நகரின் பெரும் க்னியாஸ் பதவி, கானின் ‘யார்லிக்’ எனப்படும் ஆணைப்பத்திரத்தால் கிடைப்பதாயிற்று. மாஸ்கோவும் த்வேரும் அதற்காகப் பல தலைமுறை மோதின. த்வேரின் மிகயீல் 1318-இல் கானின் பாளையத்திலேயே கொல்லப்பட்டார். ஒருவகையில் அந்தப் பட்டத்துக்குத் தெளிவான சட்டப் பொருள் கிடைத்தது இக்காலத்தில்தான்: வரியைத் திரட்டிக் கானிடம் செலுத்தும் பொறுப்பு அதை உடையவருடையது.

நான்காம் இவானின் செயலைப் புரிந்துகொள்ள மிகவும் தேவையான செய்தியும் இந்தக் காலத்தைச் சேர்ந்ததே. ருஸ் எழுத்தர்கள் ‘ஜார்’ என்ற சொல்லை விவிலிய மன்னர்களுக்கும் கான்ஸ்டாண்டிநோப்பிள் பேரரசருக்கும் வழங்கி வந்தார்கள். கான்ஸ்டாண்டிநோப்பிளுக்கே அவர்கள் மொழியில் ‘ஜார்நகரம்’ என்று பொருள்படும் பெயர்தான். 13-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அதே சொல்லைப் பொன் நாடோடிப் பேரரசின், அதாவது பாத்துவின் வழிவந்த மங்கோலிய அரசின், கானுக்கும் வழங்கினார்கள். தன்மேல் இன்னொரு ஆட்சியாளர் இல்லாதவரே ஜார். ஒருவர் திருச்சபை உலகத்தின் தலைவர், இன்னொருவர் வரி வாங்கும் மேலதிபதி. அந்த இருவரும் இருக்கும்வரை மாஸ்கோவின் க்னியாஸ் அச்சொல்லைத் தமக்கு முறையாகச் சூட்டிக்கொள்ள இயலாது. 1390-களில் முதலாம் வசீலி தேவாலய வழிபாட்டில் பைசாந்தியப் பேரரசரின் பெயரைச் சொல்வதை நிறுத்தியபோது, திருச்சபை இருந்து பேரரசர் இல்லாமல் இருப்பது கிறித்தவர்களுக்கு ஆகாத காரியம் என்று பேராயர் அந்தோனி கான்ஸ்டாண்டிநோப்பிளிலிருந்து கண்டித்து எழுதினார். மாஸ்கோவுக்கு அது நினைவில் தங்கிய கண்டிப்பாகவே இருந்திருக்கும்.

இதற்கிடையில் பட்டம் வேறு பக்கங்களில் மெல்ல வளர்ந்தது. ‘ருஸ் அனைத்துக்கும்’ என்ற தொடர் முதலில் தலைமைப் பேராயருடையது. 1340 முதல் 1353 வரை மாஸ்கோவை ஆண்ட சிமியோன் அதைத் தம் முத்திரையில் சேர்த்தார். 1389-இல் திமீத்ரி தன்ஸ்கோய் தம் உயிலில், பெரும் க்னியாஸ் பதவியைத் தமது தந்தைவழிச் சொத்து என்று சொல்லி மகனுக்கு எழுதிவைத்தார். கான் தர வேண்டிய ஒன்றைத் தந்தை மகனுக்குக் கொடுப்பதாக எழுதிய அந்த ஒரு வரி, என் மதிப்பில், பிற்காலத்தின் பல முடிசூட்டு விழாக்களைவிடக் கனமானது.

மூன்றாம் இவானுக்கு வருவோம். 1462 முதல் 1505 வரையிலான அவருடைய ஆட்சியில் மையமாக இருந்த சொல் ‘ஜார்’ அன்று, ‘கஸுதார்’. வீட்டையும் அதில் உள்ள அடிமைகளையும் உடைமையாகக் கொண்ட தலைவன் என்ற பொருள் அதில் ஒலித்தது. நோவ்கரதுக் குடியரசு அவரை ‘கஸ்பதீன்’, அதாவது ஐயா என்ற அளவிலேயே விளித்து வந்தது. 1477-இல் நோவ்கரதின் தூதர்கள் மாஸ்கோவில் அவரைக் ‘கஸுதார்’ என்று விளித்துவிட்டார்கள். அப்படியானால் எத்தகைய ஆட்சியை விரும்புகிறீர்கள் என்று இவான் ஆளனுப்பிக் கேட்டார்; நோவ்கரதின் மக்கள் மன்றம், அப்படிச் சொல்ல யாருக்கும் நாங்கள் அதிகாரம் தரவில்லை என்று மறுத்தது. அதையே காரணமாக்கிப் படை நகர்ந்தது. 1478 ஜனவரியில் நகரம் பணிந்தது. மன்றத்தைக் கூட்டும் மணியும் மாஸ்கோவுக்குக் கொண்டுபோகப்பட்டது. தூதர்கள் வாய்தவறிச் சொன்னார்களா, மாஸ்கோ சொல்லவைத்ததா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஒரு விளிச்சொல்லுக்குள் ஒரு குடியரசின் வாழ்வும் சாவும் அடங்கியிருந்ததை இரு தரப்பும் நன்றாக அறிந்திருந்தன என்பதில் ஐயமில்லை.

கான்ஸ்டாண்டிநோப்பிள் 1453-இல் துருக்கியர் வசமாயிற்று. 1472-இல் கடைசிப் பேரரசரின் உடன்பிறந்தார் மகளான சோபியாவை இவான் மணந்தார். 1480-இல் உக்ரா ஆற்றங்கரையில் எதிரெதிரே நின்ற பின் கான் அகமது போர் செய்யாமல் திரும்பினார். ஜார்கள் இருவருமே இவ்வாறு களத்தைவிட்டு அகன்றார்கள். 1489-இல் புனித ரோமானியப் பேரரசரின் தூதர் நிக்கொலாஸ் பொப்பெல், பேரரசர் மூலம் அரசர் பட்டம் பெற்றுத் தர முன்வந்தபோது, இவான் தரப்பு தந்த மறுமொழி தெளிவானது: எங்கள் முன்னோர் காலந்தொட்டு இறைவன் அருளால் எங்கள் நாட்டுக்கு நாங்களே உரியவர்கள், வேறு யாரிடமிருந்தும் நியமனம் இதுவரை விரும்பியதில்லை, இப்போதும் விரும்பவில்லை. 1497-ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்றில் தொங்கும் சிவப்பு மெழுகு முத்திரையில் இரட்டைத் தலைக் கழுகு இருக்கிறது. அதைச் சுற்றிய பட்டம் ‘இறைவன் அருளால் ருஸ் அனைத்துக்கும் கஸுதார், பெரும் க்னியாஸ்’ என்று தொடங்கி, விளாதிமிர், மாஸ்கோ, நோவ்கரத், பிஸ்கோவ், த்வேர் என்று நிலங்களை அடுக்குகிறது. ஜார் என்ற சொல் அதில் இல்லை. பால்டிக் கடற்கரையின் லிவோனியத் தரப்பினருடன் செய்த சில உடன்படிக்கைகள் போன்றவற்றில் இவான் ஜார் என்று குறிக்கப்படுவது உண்மை. அதைப் பார்த்தவர்கள் அவரை முதல் ஜார் என்கிறார்கள். ஆனால் 1498-இல் தம் பேரன் திமீத்ரிக்கு அவர் மாஸ்கோவின் விண்ணேற்பு அன்னை பேராலயத்தில் முடிசூட்டியபோதுகூட, சூட்டியது பெரும் க்னியாஸ் பட்டம்தான். எதிராளியின் பலத்தைப் பார்த்து எடுக்கவும் வைக்கவும் கூடிய சொல்லாகவே ஜார் அவரிடம் இருந்தது. அவருடைய மகன் மூன்றாம் வசீலி காலத்திலும் அதே நிலைதான். 1514-இல் பேரரசர் மாக்சிமிலியனின் தூதருடன் எழுதப்பட்ட உடன்படிக்கையில் வசீலி ‘கைஸர்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறார். பின்னாளில் முதலாம் பீட்டர் அதை அச்சிட்டுப் பரப்பித் தம் உரிமைக்குச் சான்றாக்கினார்; மாக்சிமிலியனோ அந்த வடிவத்தை உறுதிசெய்யாமல் தட்டிக்கழித்தார்.

1547 ஜனவரி 16 அன்று, 16 வயதான நான்காம் இவானுக்குத் தலைமைப் பேராயர் மக்காரி அதே பேராலயத்தில் முடிசூட்டியதுதான் உண்மையான திருப்பம். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எப்போதும் செல்லும் முறையான பட்டமாக ஜார் நிலைபெற்றது அன்றுதான். ஆகவே, கேட்டவரின் முதல் கேள்விக்கு நான்காம் இவான் என்பதே என் விடை. அந்த விழாவுக்குத் துணையாக ஒரு கதையும் சொல்லப்பட்டது: பேரரசர் கான்ஸ்டாண்டின் மொனமாகோஸ் கீவின் விளாதிமிர் மொனமாகுக்கு முடியும் அரச அணிகளும் அனுப்பிவைத்தார் என்பது. அந்தப் பேரரசர் இறந்தது 1055-இல். மொனமாக் பிறந்தது 1053-இல். கீவில் அமர்ந்தது 1113-இல். கதை நிற்காது. ‘மொனமாகின் தொப்பி’ என்று கிரெம்ளினில் இன்றும் காட்டப்படும் பொன்முடி, பொன் நாடோடிப் பேரரசு சார்ந்த கீழை வேலைப்பாடு என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து. பைசாந்திய வேலை என்பவர்களும் இருக்கிறார்கள். கான்ஸ்டாண்டிநோப்பிள் பேராயரின் ஒப்புதலை இவான் கேட்டுப் பெற 1561 ஆயிற்று. வந்த பத்திரத்தில் இருந்த கிழக்குத் திருச்சபைத் தலைவர்களின் கையெழுத்துகளில் பெரும்பாலானவை போலியானவை என்று பின்னாளில் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

வெளியுலகத்தின் ஒப்புதலுக்கு மாஸ்கோ வைத்த வலுவான வாதம் வேறு. 1552-இல் கசானும் 1556-இல் அஸ்திரகானும் வீழ்ந்தன. அந்த இரு இடங்களும் நெடுங்காலமாக ஜார் இருக்கைகள், அவற்றை வென்றவர் ஜார் ஆகாமல் வேறென்ன என்று மாஸ்கோவின் தூதர்கள் போலந்தில் வாதாடினார்கள். பைசாந்தியத்தின் வாரிசு என்ற பேச்சை மட்டும் கேட்டுப் பழகியவர்கள் இந்தப் பக்கத்தைக் கவனிப்பதில்லை. கான்களிடமிருந்து வந்த உரிமை, உரோமாபுரி வழிவந்த உரிமைக்கு எந்த வகையிலும் குறையாமல் அங்கே எடுத்துச்சொல்லப்பட்டது. இங்கிலாந்து அரசி எலிசபெத் வணிக நலனை எண்ணித் தம் கடிதங்களில் அவரைத் தாராளமாகப் பேரரசர் என்றே விளித்தார். போலந்து மட்டும் பிடிவாதமாகப் பெரும் க்னியாஸ் என்றே எழுதியது; ஜார் பட்டத்துக்கான உரிமைப்போட்டி அங்கே ஓய்ந்தது 1634-இல், போலியனோவ்கா உடன்படிக்கையில்தான்.

பழைய பட்டம் அதனால் மறைந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1547-க்குப் பிறகு ஆட்சியாளரின் முழுப்பெயர் ‘ஜாரும் பெரும் க்னியாஸும் ஆகிய இவான் வசீலியெவிச், ருஸ் அனைத்துக்கும்’ என்றே எழுதப்பட்டது. இரண்டும் பிரிக்கக்கூடியவை என்பதை இவானே ஒருமுறை காட்டினார். 1575-இல் அவர் செங்கிஸ்கான் வழிவந்தவரும் சில காலம் முன்பு திருமுழுக்குப் பெற்றவருமான சிமியோன் பெக்புலாதவிச் என்பவரை ‘ருஸ் அனைத்துக்கும் பெரும் க்னியாஸ்’ ஆக அமர்த்தி, தாம் வெறும் ‘மாஸ்கோவின் க்னியாஸ் இவான்’ ஆகத் தாழ்ந்து நின்று அவருக்கு விண்ணப்பங்கள் எழுதினார். ஓராண்டுக்குள் அது முடிந்து, சிமியோன் த்வேருக்கு அனுப்பப்பட்டார். ஏன் இப்படிச் செய்தார் என்பதற்குச் சதி அச்சம், நிதித் தேவை, போலந்து அரியணைத் தேர்தல் என்று பல விளக்கங்கள் உள்ளன. எதையும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளச் சான்று போதாது. சிமியோனுக்கு ஜார் பட்டத்தைத் தரவில்லை என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன்.

மூன்றாவது கேள்விக்கான விடை இதிலிருந்து எளிதாகக் கிடைக்கிறது. 1721-இல் செனட்டின் வேண்டுகோளை ஏற்று முதலாம் பீட்டர் ‘இம்பெராத்தர்’, அதாவது பேரரசர், ஆனார். போலந்து அதை ஏற்க 1764 வரை ஆயிற்று. அதன்பின் ஜார், பெரும் க்னியாஸ் ஆகிய பழைய பெயர்கள் பேரரசரின் நீண்ட பட்டவரிசையில் கசானின் ஜார், அஸ்திரகானின் ஜார், ஸ்மலேன்ஸ்கின் பெரும் க்னியாஸ் என்று நிலங்களோடு ஒட்டிக்கொண்டு நின்றன. தனியாக வழங்கும்போது ‘பெரும் க்னியாஸ்’ என்பது பேரரசர் குடும்பத்து ஆண்களின் பிறப்புரிமைப் பட்டமாயிற்று. குடும்பம் பெருத்துச் செலவு கூடியதால், 1886-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பேரரசர்களின் மகன்களுக்கும் ஆண்வழிப் பேரன்களுக்கும் மட்டும் என்று சுருக்கியது. 1917 மார்ச்சில் அரியணையை ஏற்க மறுத்த மிகயீல், மூன்றாம் அலெக்சாந்தரின் மகன் என்ற முறையில் அப்பட்டம் உடையவர். தமிழ் நூல்களில் அவர் பெயருக்கு முன்னால் ‘கிராண்ட் டியூக்’ என்று கண்டால், அது மேற்கு ஐரோப்பிய வழக்கின் வழியாக வந்தது. ருஷ்ய மொழியில் அந்த இடத்தில் இருப்பது திமீத்ரி தன்ஸ்கோய் தம் மகனுக்கு உயிலில் எழுதிவைத்த அதே பட்டம்தான்.